நீளப்பொருளோடு ஓர் ஆள்

எங்கள் குடியிருப்பில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு சினிமா போடுவார்கள். பாரிவாக்கத்தில் வயலை மேடாக்கிக் கட்டிய நான்கு பிளாக்குகளில் எங்களுடையது கடைசி. தரைத்தளத்து ஹாலின் ஜன்னல்களைப் பழைய பெட்ஷீட்டுகளால் மூடி, புரொஜெக்டரை ஒரு ஸ்டூல் மேல் ஏற்றி, வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கும்போது உள்ளே இருட்டாக்கிவிடுவார்கள். படம் முடிந்ததும் எழுந்து ஓடிவிட முடியாது. மைக் கைமாறும், ஆளாளுக்குக் கருத்துச் சொல்ல வேண்டும். 'நல்லா இருந்தது' என்று மட்டும் சொல்லி நழுவுகிறவர் அடுத்த மாதம் அத்தனை பேருக்கும் சுண்டல் செய்துகொண்டு வர வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அவர் பள்ளிக்கூடத்தை விட்டாலும் பள்ளிக்கூடம் அவரை விடவில்லை.

அந்த ஞாயிறு போட்டது ஒரு வெளிநாட்டுத் திரில்லர், தமிழ் டப்பிங்கில். பாலைவன ஊர் ஒன்றில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து ஓர் இளைஞன் ட்ரோன் ஓட்டுகிறான். ட்ரோன் பறப்பதோ கடல் தாண்டி வேறொரு நாட்டில். பம்பு செட் ரிப்பேர் பண்ணுகிற ஒருவரின் வீட்டை வாரக்கணக்கில் மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஒருநாள் உத்தரவு வருகிறது. பட்டனை அழுத்துகிறான். அன்றிலிருந்து தினமும் அவன் வீட்டுக்குத் தபாலில் ஒரு காகிதம் வருகிறது. அதில் அந்த வீட்டு மாடியின் படம், பென்சிலில் வரைந்தது. யார் அனுப்புகிறார்கள் என்று தேடுவதுதான் மீதிக் கதை. கடைசியில், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவனே அனுப்பியிருக்கிறான் என்று தெரிகிறது.

நானும் என் நாத்தனாரும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அவள் படிப்பை முடித்துவிட்டு எங்களோடு தங்கியிருக்கிறாள். அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சேர்த்துவிட்டது நான். நான் இருக்கிற அதே ஆபீஸில்தான்.

படம் தொடங்கி அரை மணி நேரம் இருக்கும். திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு வீடு, உச்சியிலிருந்து பார்த்தபடி. முற்றம், சுற்றுச்சுவர், ஒரு மரம். மாடிப்படியில் ஒரு ஆள் ஏறி வருகிறார். அவரைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் விழுகிறது. ஹாலில் யாரோ பாப்கார்ன் கவரைக் கசக்கினார்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கட்டம் லூசாக இருக்கிறது, இடது பக்கம் இடைவெளி அதிகம், இதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். என் வலது கை ஆள்காட்டி விரல், மவுஸைத் தட்டுகிற மாதிரி, தொடைமேல் ஒருமுறை தட்டிக்கொண்டது. பக்கத்தில் பார்த்தால் என் நாத்தனாரின் விரலும் தட்டிக்கொண்டிருந்தது.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத்துப் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தின் மூன்றாம் மாடி. வாசலில் செல்போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். உள்ளே வரிசையாக கம்ப்யூட்டர். திரையில் படம் வரும். படத்தில் இருக்கிற ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட்டு, அது என்ன என்று பட்டியலில் இருந்து ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் தானாகப் பார்க்கப் பழகுவதற்கு நாங்கள் கைப்பிடித்துச் சொல்லிக்கொடுக்கிறோம், அவ்வளவுதான். தெருப்படங்கள் வரும், கடைப்படங்கள் வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் 'மேல்படம்' வர ஆரம்பித்தது. வானத்திலிருந்து எடுத்தவை. எந்த நாடு, யார் எடுத்தது, எதற்கு, எப்போது எடுத்தது, ஒன்றும் தெரியாது. விவசாய ஆராய்ச்சி என்றார்கள். எல்லோரும் நம்பினோம். நம்புவதில் ஒரு சௌகரியம் இருந்தது.

மேல்படத்துக்கான பட்டியல் சின்னது. ஆள். நீளப்பொருளோடு ஆள். வண்டி. விலங்கு. அப்புறம் 'ஒன்றுமில்லை' என்று ஒரு பட்டன். மாடு மேய்க்கிறவரின் கையில் கம்பு இருந்தாலும், தோட்டத்தில் நிற்கிறவரின் கையில் மண்வெட்டி இருந்தாலும் அவர் நீளப்பொருளோடு ஆள். விவசாய ஆராய்ச்சிக்கு ஆளின் கையில் என்ன இருக்கிறது என்பது எதற்கு என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதை வாயில் வரவிடவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். ஆபீஸில் நான் பரம சாது.

மேலேயிருந்து பார்த்தால் மனிதர் தெரியமாட்டார், நிழல்தான் தெரியும். காலையில் எடுத்த படமென்றால் ஆள் ஒரு புள்ளி, நிழல் அதைவிடப் பத்து மடங்கு. நிழலை வைத்துத்தான் ஆணா பெண்ணா, குழந்தையா என்று சொல்ல முடியும். நடுப்பகலில் நிழல் காலுக்கடியில் போய்விடும். அந்த நேரத்துப் படங்களில் ஆளைக் கண்டுபிடிப்பதற்குள் கண் பிதுங்கிவிடும். சத்தமே இருக்காது. நூற்றுக்கணக்கான படங்கள், அத்தனையிலும் ஆட்கள், ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை.

கட்டம் போடுகிறவருக்கு ஒரே இடத்தின் படங்கள் தொடர்ச்சியாக வரும். எனக்கு ஒரு வீடு வந்தது. சதுர முற்றம், மொட்டை மாடி, மாடியில் ஒரு துணிக்கொடி. தினமும் காலையில் ஒரு பெண் மாடிக்கு வருவாள். பெண் என்று நிழலின் அகலத்தை வைத்துச் சொல்கிறேன். கையில் ஒரு நீளமான கழி இருக்கும். துணியைப் போட்டபின் கொடி தொய்யாமல் இருக்க அந்தக் கழியை நடுவில் முட்டுக்கொடுப்பாள். எங்கள் மாடியில் நானும் அதையேதான் செய்கிறேன். அதனால் அது என்ன கழி என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'ஆள்' என்று மட்டும் போட்டுவந்தேன்.

பதினோராவது நாள் எங்கள் டீம் லீடர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர், தங்கமான மனுஷன்.

"யக்கா, இன்னாக்கா இது? கையில அம்மாம் நீளத்துக்கு வெச்சுகினு கீது, நீ வெறும் ஆளுன்னு போட்டுகினு கீறே. செக்கிங்லேர்ந்து மொத்தத்தையும் துப்பிட்டானுங்க."

"அது துணி காயப்போடுற கழிங்க."

"உனக்குத் தெரியும். மிசினுக்குத் தெரியுமா? அது இன்னாவோ இருந்துட்டுப் போவட்டும், நீளமா கீதா இல்லியா? டவுட்டுன்னா நீளப்பொருளுன்னே போட்டுட்டுப் போய்கினே இரு. கொறைச்சுப் போட்டாதான் மார்க்கு போவும், கூட்டிப் போட்டா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

இதுதான் எங்கள் தொழிலின் வழக்கம். விட்டால் தப்பு, கூட்டினால் தப்பில்லை. நான் என்ன செய்தேன் என்றால், பதினொரு நாள் படங்களையும் திறந்து, அத்தனையிலும் அந்தப் பெண்ணை நீளப்பொருளோடு ஆள் என்று மாற்றினேன். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. டீம் லீடர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் அதே வீடு வந்தது. மாடி அப்படியே இருந்தது. முற்றம், சுவர், மரம் எல்லாம் அப்படியே. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, நான்கு வெள்ளைத் துண்டுகள். ஆள் இல்லை. 'ஒன்றுமில்லை' பட்டனை அழுத்தினேன். மறுநாள் படத்திலும் அதே நான்கு துண்டுகள், அதே இடத்தில். அதற்கடுத்த நாளும். ஒன்று மட்டும் காற்றில் கொடியோடு சுற்றிக்கொண்டு கயிறாகிப் போயிருந்தது. ஒன்பது நாள் அந்தத் துணிகளை யாரும் எடுக்கவில்லை. ஒன்பது நாளும் 'ஒன்றுமில்லை' என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். பத்தாம் நாள் வேறு ஊர் வந்துவிட்டது.

அவள் அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா வீட்டுக்குப் போகிறவள் துணியை எடுத்து வைக்காமலா போவாள்? போர் வருகிறது என்று தெரிந்து ஊரே காலி செய்திருக்கலாம். படங்களே நாலைந்து வருஷத்துப் பழையதாக இருக்கலாம், நான் கட்டம் போடுவதற்கு முன்பே நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கலாம். நான் போட்ட கட்டத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். இவ்வளவையும் யோசித்துவிட்டேன், ஒன்றும் உதவவில்லை. கண் வலிக்கிறது என்று பொய் சொல்லித் தெருப்படங்களுக்கு மாறிக்கொண்டேன். என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. வெளியே நடக்கும்போது என்னை நானே மேலேயிருந்து பார்க்க ஆரம்பித்தேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நின்றால் கூட்டம் கூட்டமாகப் புள்ளிகள், ஒவ்வொன்றோடும் ஒரு நிழல். மடக்கிய குடையை நீட்டிப் பிடிக்க மாட்டேன், பையில் போட்டுக்கொள்வேன். மாடியில் கொடிக்கழியை எடுக்குமுன் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பேன். காகமோ விமானமோ போகும், வேறொன்றும் இருக்காது. காய்கறி வாங்கப் போவதைக்கூடச் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வைத்துக்கொண்டேன். அந்த வெயிலில் ஏன் அலைகிறாய் என்று கணவர் திட்டுவார். அப்போதுதான் நிழல் விழாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

போன வருஷம் என்னைச் சரிபார்ப்பில் போட்டார்கள். அதாவது, மற்றவர்கள் போட்ட கட்டங்களைப் பார்த்து, சரியென்றால் விட வேண்டும், தப்பென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் அறை தனி. தொடர்ச்சியாக எல்லாம் வராது. பத்து இடத்திலிருந்து பத்துப் படம் கலந்து வரும், ஓர் இடத்துக்கு ஒரு படம்தான். அதைத் திருப்பி அனுப்பினால் அந்த இடத்துப் படங்கள் மொத்தமும் போட்டவரிடம் திரும்பிப் போகும். போட்டவர் பெயரும் இருக்காது. எல்லா வகைப் படங்களும் வரும், மேல்படம் உட்பட. ஒரு வருஷம் போனதும் பயம் தேய்ந்துவிட்டது. அதனால்தான் நாத்தனார் வேலை கேட்டபோது கூசாமல் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். அவளை மேல்படத்தில் போட்டார்கள் என்று தெரிந்தபோதும் சும்மா இருந்தேன்.

இப்போது ஹாலுக்கு வருகிறேன். படம் முடிந்து பெட்ஷீட்டுகளை விலக்கினார்கள். வெயில் பளீரென்று உள்ளே விழுந்து எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். தலைமையாசிரியர் மைக்கை ஊதிப் பார்த்துவிட்டு முதல் வரிசையில் கொடுத்தார்.

சாஃப்ட்வேரில் வேலை பார்க்கிற மதுரைக்காரப் பையன் ஆரம்பித்தான். "ஃபர்ஸ்ட் ஹாஃப் வேற லெவல். செகண்ட் ஹாஃப்ல லேக். அந்த ட்ரோன் சவுண்டுக்கே தனியா கைதட்டலாம்."

ஆவடிப் பக்கம் தொழிற்சாலை ஒன்றில் இருந்து ஓய்வுபெற்றவர் மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஒருதலைப்பட்சமான படம். எதிரிகிட்டயும் ட்ரோன் இருக்கு. அவன் அழுதுகிட்டா அனுப்புறான்? நம்ம வீட்டுப் பையனைப் பார்டர்ல நிக்கவெச்சுச் சாகடிக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலை."

கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் ஒரு பெண் சொன்னாள். "அந்தப் பம்பு செட்காரரை ரொம்ப நல்லவரா காட்டிட்டாங்க. அதனாலதானுங்க நமக்கு மனசு கஷ்டமாப் போச்சு. அவரு ஒரு முசுடா, பொண்டாட்டிய அடிக்கிறவரா இருந்திருந்தா இவ்வளவு கஷ்டப்பட்டிருப்போமுங்களா? அதை யோசிச்சாத்தான் எனக்கு என்னவோ மாதிரி இருக்குதுங்க." அவளுக்குக் கைதட்டினார்கள். அவள் சொன்னது எனக்கும் சுருக்கென்று தைத்தது.

அடுத்து, இந்தக் குடியிருப்பு நிற்கிற நிலத்துக்கே ஒரு காலத்தில் சொந்தக்காரரான அம்மா. நிலத்துக்கு ஈடாகக் கிடைத்த வீட்டில் தரைத்தளத்தில் இருக்கிறார். ஐம்பது வயது இருக்கும், பூந்தமல்லியில் டெய்லர் கடை வைத்திருக்கிறார். மைக்கை வாங்காமலேயே பேசினார், அவருக்கு அது தேவைப்படுவதில்லை.

"சுட்டவன் அழுவுறான். சரி, அழுவட்டும். சோறு எறங்கல, தூக்கம் வரல, பொண்டாட்டி கோச்சிகினு பூட்டா, அல்லாத்தையும் காட்டிகினே இருந்தான். அந்த ஊட்ல மீந்து போனவங்கோ இன்னா ஆனாங்கோ? அத்த ஒரு வாட்டியாவது காட்னானா? அவுங்களுக்குச் சோறு எறங்குச்சா?"

தலைமையாசிரியர் அவசரமாக மைக்கை நகர்த்தினார். அது என் நாத்தனாரிடம் வந்தது. அவள் உற்சாகமாக எழுந்து நின்றாள்.

"படம் ஓகேங்க. ஆனா அந்தப் பச்சைக் கட்டம் போட்டாங்கல்ல, அது தப்பு. அவ்வளவு லூசா போடக்கூடாது. எங்க ஆபீஸ்ல அப்படிப் போட்டா திருப்பி அனுப்பிடுவாங்க."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மதுரைக்காரப் பையன் விசில் அடித்தான். டெய்லர் அம்மா மட்டும் திரும்பி உட்கார்ந்து அவளையே பார்த்தார்.

"நீ இன்னாம்மா வேலை செய்யுறே?"

"மேலேர்ந்து எடுத்த படத்துல ஆளுங்களுக்குக் கட்டம் போடுவோம் ஆன்ட்டி."

"யாரு அந்த ஆளுங்கோ?"

"தெரியாதே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. உட்கார்ந்து தன் விரலைப் பார்த்தாள். மைக் என் கைக்கு வந்தது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லியிருக்க வேண்டும். நான்கு துணிகளைப் பற்றி அந்த அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம்.

"நல்லா இருந்தது" என்றேன்.

"அடுத்த மாசம் சுண்டல் உங்க வீட்டிலிருந்து!" என்று தலைமையாசிரியர் சந்தோஷமாக அறிவித்தார். எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தில் அந்த மைக்கைத் தரையில் அடித்து உடைக்கலாம் போலிருந்தது.

ஹாலிலிருந்து நேரே மாடிக்குத் துணி எடுக்கப் போனோம். நாலரை மணி வெயில். இரண்டு பேருடைய நிழலும் மாடியைத் தாண்டிச் சுவரில் ஏறியிருந்தது. அவள் கேட்டாள், "அண்ணி, அது விவசாயத்துக்குத்தானே?"

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கழி, பதினொரு நாள், டீ, துணி. அவள் கையில் இருந்த சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஒரு வீடு வருது அண்ணி" என்றாள். "ஒருத்தர் தினமும் மாடிக்கு வருவாரு. வயசானவருன்னு நினைக்கிறேன். நொண்டி நொண்டி நடப்பாரு. ஒவ்வொரு படமா தள்ளிக்கிட்டே வந்தா நிழல் இப்படி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே வரும். நான் அவருக்கு மனசுக்குள்ள தாத்தான்னு பேரே வெச்சிருக்கேன்."

"கையில ஏதாவது வெச்சிருக்காரா?"

"இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல."

"நாளைக்கே எதையாவது எடுத்துட்டு வந்தார்னா, அது என்னன்னு உனக்குத் தெரிஞ்சா, தெரிஞ்சபடி போடு. ஆள்னு மட்டும் போடு. கூட்டிப் போடாதே. என்கிட்ட வந்தா நான் விட்டுடறேன்."

"உங்ககிட்ட வரணுமே அண்ணி?"

"சரிபார்ப்புல ஆறே பேருதான் இருக்கோம். வரும்."

வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. நானும் விடுவதாக இல்லை. அந்த ஒரு தாத்தாவை மட்டும் எப்படியாவது காப்பாற்றிவிட்டால் போதும் என்று நினைத்தேன். அன்று அதுவே எனக்குப் பெரிய துணிச்சலாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை வழக்கத்தைவிட முன்பே கிளம்பினோம். வாசலில் செல்போனைக் கொடுத்துவிட்டு அவள் பெரிய அறைக்குப் போனாள், நான் எங்கள் அறைக்குப் போனேன். அன்று முழுக்க நான் தாத்தாவைத் தேடிக்கொண்டே இருந்தேன். நொண்டி நடக்கிற நிழல், ஒரு பக்கமாக இழுக்கிற நிழல். வந்த மேல்படங்களில் எத்தனையோ மாடிகள், எத்தனையோ ஆட்கள். எதிலும் அவர் இல்லை. ஆறு பேரில் வேறு யாருக்காவது போயிருக்கும் என்று மனம் சோர்ந்தது.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் ஒரு படம் வந்தது. மொட்டை மாடி. நடுவில் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கிறான். தோளில் சாய்த்து நீளமாக ஒன்று, நுனியில் கொஞ்சம் தடிப்பு. நிழலில் அது இன்னும் நீண்டு, மாடி விளிம்பைத் தாண்டி முற்றத்தில் விழுந்திருந்தது. போட்டவர் 'ஆள்' என்று மட்டும் போட்டிருந்தார். வழக்கமாக ஒரு படத்துக்குப் பத்து நொடிதான். நான் இதற்கு முழுசாக ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டேன். அவசரப்படக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பெரிதாக்கிப் பார்த்தேன். கொடி இல்லை, துணி இல்லை. இது கொடிக்கழி இல்லை. அவன் நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. யாரையோ எதிர்பார்த்து நிற்கிற மாதிரி இருந்தது. சத்தமில்லாத அந்தப் படத்துக்குள் இருந்தவனைப் பார்த்து எனக்கு உள்ளபடியே பயம் வந்தது. இது துப்பாக்கிதான் என்று தீர்மானித்துத் திருப்பி அனுப்பினேன். நேர்மையாகத்தான் செய்தேன். இன்று ஒழுங்காகப் பார்த்து வேலை செய்கிறோம் என்று ஒரு திருப்திகூட வந்தது.

நான்கு மணிக்கு அன்றைய வேலை மொத்தமும் படம் அனுப்பியவர்களுக்கே போய்விடும். அதன்பின் ஷிப்ட் முடியும். செல்போனை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். வானகரம் வருவதற்கு முன்னால் பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நாத்தனார் வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"இன்னிக்கு தாத்தா வந்தாரு அண்ணி."

"வந்தாரா? என்கிட்ட வரலையே!"

"கையில நீளமா பிரஷ் எடுத்துட்டு வந்தாரு. தண்ணித் தொட்டி கழுவறதுக்கு. அடுத்த படத்துலயே தொட்டிக்குள்ள குனிஞ்சு தேய்ச்சிட்டிருக்காரு, அவ்வளவு நல்லாத் தெரியுது. நீங்க சொன்ன மாதிரி ஆள்னு மட்டும்தான் போட்டேன். யாரோ திருப்பி அனுப்பிட்டாங்க."

என் காதில் பஸ் சத்தம் எல்லாம் அடங்கிப்போனது.

"பிரஷ்ஷைத் தோள்ல சாய்ச்சு வெச்சிருந்தாரா?"

"ஆமா. மேல வந்ததும் ஒரு நிமிஷம் அப்படியே நின்னாரு. படி ஏறுனதுல மூச்சு வாங்கியிருக்கும்னு நினைச்சேன்."

"அப்புறம் என்ன பண்ணினே?"

"டீம் லீடர் பக்கத்துலயே நின்னுட்டிருந்தாரு அண்ணி. அவர் இருந்த எல்லாப் படத்தையும் மாத்திட்டேன்."

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது, பஸ் கொஞ்சம் ஊர்ந்து மறுபடி நின்றது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவளுக்குத் தெரிய வழியே இல்லை. ஆறு பேரில் யாராகவும் இருக்கலாம்.

"நான்தான் திருப்பி அனுப்பினேன்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் செல்போனை எடுத்து மணி பார்த்தாள். நாலே முக்கால். அதற்குமேல் யாரையும் கூப்பிட்டுச் சொல்லி எதையும் மாற்ற முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"அவர் நொண்டிக்கிட்டே வந்தாரே அண்ணி" என்றாள். "நேத்து உங்ககிட்டச் சொன்னேனே. பாக்கலையா?"

"எனக்கு ஒரே ஒரு படம்தான்டி வரும். அதுல அவர் நின்னுக்கிட்டு இருந்தாரு."